வளரும் நாய்க்குட்டிக்கு எவ்வளவு சோறு வைப்பது?

செட்டிநாட்டு விருந்தில் “போதும்” என்று சொல்ல வேண்டியவர் இலையின் முன் உட்கார்ந்திருப்பவர்தான். பரிமாறுகிறவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்துத் தடுத்தாலும் இன்னொரு கரண்டி விழும். மனிதர்களுக்கு இது அழகான பழக்கம். ஆனால் இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், இந்தப் பழக்கத்தை அதன் தட்டருகே கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலான குட்டிகள் போதும் என்று சொல்வதே இல்லை. வைத்ததை வழித்துத் தின்றுவிட்டு, காலி வட்டிலையும் நக்கிவிட்டு, முகத்தைத் தூக்கிப் பார்க்கும். அந்தப் பார்வையை நம்பி அளவைத் தீர்மானித்தால் தவறாகத்தான் போகும். இங்கே “போதும்” என்பதைப் பரிமாறுகிறவரே சொல்லியாக வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது, கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பதை முதன்முறை நாய் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எத்தனை கரண்டி என்று ஒரே எண்ணில் பதில் கேட்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. குட்டியின் இன்றைய எடை, வயது, அது எவ்வளவு பெரிதாக வளரப்போகிற இனம், நாம் வைக்கும் உணவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்ற நான்கும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் தொடங்குவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

எடையிலிருந்து தொடங்கும் கணக்கு

குட்டியின் எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை 30ஆல் பெருக்கி, 70ஐக் கூட்டுங்கள். வருகிற எண், அந்த உடம்பு சும்மா படுத்துக் கிடப்பதற்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி. இதயம் துடிக்க, மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க ஆகும் செலவு அது. கால்நடை மருத்துவர்கள் இதை அடிப்படைத் தேவையாக வைத்துத்தான் மற்றதைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் 45 கிலோ வரை உள்ள நாய்களுக்கு இந்தச் சுருக்கு வழி பொருந்தும். இரண்டு கிலோவுக்கும் குறைவான பொடிக்குட்டிகளுக்கு இதைப் போடாதீர்கள், எண் பிசகும்.

வளரும் குட்டி சும்மா படுத்துக் கிடப்பதில்லை. ஓடுகிறது, அதைவிட முக்கியமாக எலும்பும் தசையும் கட்டுகிறது. ஆகவே நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்த அடிப்படை எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு, முழு வளர்ச்சி அடையும் வரை, இரண்டால் பெருக்கினால் போதும். மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே நாளில் இறங்கக் கூடாது. நான்காம் மாதத்தை ஒட்டிய சில வாரங்களில் இரண்டரை மடங்கு என்று படிப்படியாக வருவதே இயல்பு.

மூன்று கிலோ எடையுள்ள இரண்டரை மாதக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றை 30ஆல் பெருக்கினால் 90, அதோடு 70 சேர்த்தால் 160. அதன் மூன்று மடங்கு 480 கலோரி. கடையில் வாங்கும் குட்டி உணவின் பையில் ஒரு கிலோவுக்கு இத்தனை கலோரி என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 3,500க்கும் 4,000க்கும் இடையில் இருக்கும். 3,600 என்றால், நம் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 133 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 33 கிராம்.

33 கிராம் என்பது கண்ணுக்கு மிகக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். வீட்டில் யாராவது கட்டாயம், “இது என்ன, கோழிக்குப் போடுகிற மாதிரிப் போடுகிறீர்கள்?” என்று கேட்பார்கள். உலர் உணவில் தண்ணீர் மிகக் குறைவு, சத்து அடர்ந்திருக்கும். கைப்பிடி சோற்றையும் கைப்பிடி உலர் உணவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அதே 33 கிராமில் இருக்கும் கலோரி சோற்றில் வேண்டுமென்றால் 90 கிராமுக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும்.

அளப்பதற்கு உழக்கையோ டம்ளரையோ நம்ப வேண்டாம். ஒரே டம்ளரில் ஒருவர் தலை தட்டி அளப்பார், இன்னொருவர் கும்பலாக அளப்பார். சின்னக் குட்டிக்கு அந்த வித்தியாசமே அரை வேளைச் சாப்பாடு. சமையலறையில் வைக்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

கூட்டுக் குடும்பத்துக் குட்டி

எங்கள் பக்கத்து வீடுகளில் அளவு தவறுவதற்குப் பெரும்பாலும் கணக்கு காரணமாக இருப்பதில்லை. கைகள் அதிகம் என்பதே காரணம். காலையில் ஐயா தேநீரில் தொட்ட பிஸ்கட்டில் பாதியைக் கொடுப்பார். ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து இட்லி விண்டு போடுவார். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் முறுக்கை உடைத்துப் போடுவார்கள். ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது துளி என்றே நினைப்பார்கள், அது உண்மையும்கூட. குட்டியின் வயிற்றில்தான் எல்லாத் துளியும் சேர்கிறது.

ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி இருக்கும். 480 கலோரி தேவைப்படும் குட்டிக்கு நொறுக்குத் தீனியாகக் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 48 கலோரி. இரண்டு பிஸ்கட்டிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடுகிறது. மூன்றாவது பிஸ்கட் சத்துள்ள சாப்பாட்டின் இடத்தைத்தான் பிடிக்கும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். காலையில் ஒருவர் அன்றைய முழு அளவையும் எடைபோட்டு ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுவிடட்டும். வேளைச் சாப்பாடும் அதிலிருந்துதான், கொஞ்சிக் கொடுப்பதும் அதிலிருந்துதான். ஆச்சி கொடுத்தாலும் பிள்ளைகள் கொடுத்தாலும் அந்தச் சம்புடத்தில் கைவிட்டுக் கொடுக்கட்டும். சம்புடம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. யாருடைய ஆசையையும் தடுக்க வேண்டியதில்லை, குட்டிக்கும் அளவு மீறாது. உலர் உணவுக்கு இது அப்படியே பொருந்தும். சமைத்த உணவு என்றால் அன்றைய பங்கைக் குளிர்பெட்டியில் வைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து, குளிர்ச்சி போன பிறகு வைக்க வேண்டும்.

எத்தனை வேளை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயிடமிருந்து பிரிந்து வந்த இரண்டாம் மாதம் முதல் மூன்று மாதம் வரை நான்கு வேளை, அதிலிருந்து ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. பொமரேனியன் போன்ற சிறிய இனக் குட்டிகளை மூன்று மாதம் ஆகும் வரை பல மணி நேரம் வெறும் வயிற்றில் விடக் கூடாது. அவற்றுக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, தள்ளாடி விழுந்துவிடும் அபாயம் உண்டு.

எடை கூடக் கூட அளவும் கூடுமா?

கூடும், ஆனால் நாம் நினைக்கிற வேகத்தில் கூடாது. முதன்முறை வளர்ப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். முழு வளர்ச்சியில் 25 கிலோ வரப்போகும் ஒரு குட்டியைப் பாருங்கள். மூன்று கிலோவில் அதற்கு 480 கலோரி. அதாவது உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 160. ஏழு மாதத்தில் 15 கிலோ ஆகிறது என்று கொள்வோம். அடிப்படை எண் 520, இரண்டு மடங்கு 1,040. கிலோவுக்கு 70 கலோரிக்கும் சற்றுக் குறைவு. வளர்ந்து முடித்து 25 கிலோ ஆனபோது அடிப்படை 820. வளர்ந்த நாய்க்கு, கருத்தடை செய்திருந்தால், 1.6 மடங்கு என்பது வழக்கமான தொடக்கம். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 1,300. கிலோவுக்கு 52தான்.

மூன்று கிலோக் குட்டி தன் உடம்பின் அளவுக்கு, வளர்ந்த நாயைவிட மூன்று மடங்கு தின்கிறது. எடை எட்டு மடங்குக்கு மேல் பெருகும்போது சாப்பாடு மூன்று மடங்குகூட ஆவதில்லை. ஒன்பது, பத்து மாதத்துக் குட்டி பெரும்பாலும் தன் வாழ்நாள் அளவை நெருங்கிவிட்டிருக்கும். அதற்குப் பிறகும் “வளர்கிற பிள்ளை” என்று மாதாமாதம் ஒரு கரண்டி ஏற்றிக்கொண்டே போனால், ஏற்றுவதெல்லாம் கொழுப்பாகத்தான் படியும்.

எடை தெரியாமல் இந்தக் கணக்கு எதையும் போட முடியாது. வாரம் ஒரு முறை குட்டியை நிறுத்துப் பாருங்கள். குளியலறைத் தராசில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் போதும். நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கணக்கைத் திருத்துவது விலா எலும்பு

இதுவரை சொன்னது எல்லாம் தொடக்கம் மட்டுமே. ஒரே எடை, ஒரே வயதுள்ள இரண்டு குட்டிகளுக்குத் தேவை கணிசமாக வேறுபடும். ஒன்று நாள் முழுக்க வளவில் ஓடித் திரியும், இன்னொன்று தூணடியில் படுத்தே கிடக்கும். ஆகவே கணக்கு சொன்ன அளவை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, குட்டியின் உடம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இதற்கு மருந்தோ கருவியோ தேவையில்லை.

உங்கள் இடது கையை விரல் நீட்டி மேசைமீது கவிழ்த்து வையுங்கள். வலது கை விரல்களால் இடது புறங்கையை மெல்லத் தடவிப் பாருங்கள். விரல் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்படும், மேலே மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். குட்டியின் விலாவைத் தடவும்போது இப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்து, கையை முஷ்டியாக மடக்கி மேட்டு எலும்புகளைத் தடவுங்கள். விலா இப்படிக் கூர்மையாகக் குத்தினால் குட்டி இளைத்திருக்கிறது, கூட்ட வேண்டும். இப்போது கையைத் திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைத் தடவுங்கள். அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது, இல்லையா? விலா அப்படி இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது, குறைக்க வேண்டும்.

தொட்டபின் பார்க்கவும் வேண்டும். குட்டி நிற்கும்போது மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்ளே ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்காலை நோக்கி மேலேறிச் செல்ல வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இந்த நிலையை ஒன்பது புள்ளி அளவையில் நான்கு அல்லது ஐந்து என்று குறிப்பார்கள். ஒன்று என்றால் எலும்புக்கூடு, ஒன்பது என்றால் மிதமிஞ்சிய பருமன். ஆறு, ஏழுக்குப் போய்விட்ட குட்டிக்கு நாள் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் பொறுத்து மறுபடி தொட்டுப் பாருங்கள். பட்டினி போடக் கூடாது. வளரும் உடம்பு அது.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்திலிருந்து இராஜபாளையம் குட்டியோ, சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டியோ வாங்கி வருகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை வேட்டைக்கு ஓடப் பிறந்த இனங்கள். குட்டை முடி, ஒட்டிய வயிறு, நீண்ட கால். சிப்பிப்பாறைக்குக் கடைசி ஒன்றிரண்டு விலா எலும்புகள் கண்ணுக்கே தெரிவது இயல்பு. தெருவில் போகிறவர், “என்ன, நாயைப் பட்டினி போடுகிறீர்களா?” என்று கேட்டால் அதற்காக அளவைக் கூட்டிவிடாதீர்கள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் புடைத்துக்கொண்டு தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

லாப்ரடோர் வளர்ப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான எச்சரிக்கை. 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் லாப்ரடோர்கள் பலவற்றுக்குக் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அந்தக் குறை உண்டு. அந்த நாய்க்கு உண்மையிலேயே மற்றவற்றைவிடப் பசி அதிகம். அது கெஞ்சுவதை நடிப்பு என்று திட்டவும் வேண்டாம், அதற்கு இளகிப்போகவும் வேண்டாம்.

வயிறு உப்பியிருப்பதை மட்டும் வைத்துக் கொழுத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விலா குத்துகிறது, வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் குடற்புழு. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதம் ஆகும் வரை புழுநீக்க மருந்து கொடுப்பது வழக்கம். வாங்கி வந்த இடத்தில் கொடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புழுவோடு இருக்கும் குட்டிக்கு எவ்வளவு வைத்தாலும் உடம்பில் ஒட்டாது.

மெதுவாக வளர்வது நல்லது

கொழுகொழு என்று இருக்கும் குட்டிதான் ஆரோக்கியம் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள ஓர் ஆய்வே போதும். 48 லாப்ரடோர் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரே வகை உணவை எட்டு வார வயதிலிருந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவு. அந்த நாய்களின் ஆயுள் முழுக்கக் கவனித்து, 2002ல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதலாகத் தின்றவற்றின் நடுமதிப்பு ஆயுள் 11.2 ஆண்டு. அளவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுவாதமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஒரு நாயின் வாழ்க்கையில் 1.8 ஆண்டு என்பது எவ்வளவு பெரிது!

பெரிய இனக் குட்டிகளுக்கு இது இன்னும் அவசரமான செய்தி. அதிகம் தின்றால் குட்டி தன் இனத்தின் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடப்போவதில்லை. அந்த உயரத்துக்கு வேகமாகப் போய்ச்சேரும், அவ்வளவுதான். வேகம்தான் கெடுதல். சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு முன்பே மேல்தளத்தின் பாரத்தை ஏற்றுவது போன்றது அது. எலும்பின் முனைகளில் இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் வளர்தட்டுகள் உடம்பின் எடையைத் தாங்காமல் கோணும். இடுப்பு மூட்டுக்கு மரபுவழிப் பலவீனம் உள்ள இனங்களில் அந்தக் குறை கூடும். சிறிய இனங்கள் பத்து மாதத்தில் வளர்ந்து முடிக்கும். நடுத்தர இனங்களுக்கு ஓராண்டு ஆகும். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களுக்கு 15 முதல் 18 மாதம் வரை ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும்.

வீட்டுச் சோறு: அளவு சரி, சத்து?

பெரும்பாலான வீடுகளில் குட்டிக்கு வீட்டுச் சாப்பாடுதான். அதில் தவறில்லை. ஆனால் “எவ்வளவு” என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே “எது” என்ற கேள்வியும் நிற்கிறது. முந்தைய 480 கலோரியை வெறும் சோற்றாலேயே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி, ஆகவே 370 கிராம் சோறு வேண்டும். கலோரிக் கணக்கு தீர்ந்தது. புரதம்? அவ்வளவு சோற்றிலும் பத்து கிராம்தான் இருக்கும். அந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 27 கிராம் வேண்டும். வயிறு நிறையும், உடம்பு நிறையாது. பால்சோறு, மோர்சோறு என்று மட்டும் கொடுத்து வளர்த்த குட்டிகள் முடி மங்கி, தசையில்லாமல் வயிறு மட்டும் பெருத்து நிற்பது இதனால்தான்.

இப்போது தட்டைச் சீர்செய்வோம். 150 கிராம் சோறு, ஒரு வேகவைத்த முட்டை, எலும்பில்லாத வேகவைத்த கோழி 100 கிராம், தயிர் 50 கிராம், கொஞ்சம் மஞ்சள் பூசணி. கலோரி 470க்குப் பக்கம். புரதம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பார்க்க அருமையான சாப்பாடு. ஆனால் கால்சியத்தைக் கூட்டிப் பாருங்கள். எல்லாம் சேர்ந்தும் 120 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். தேவை 1,400 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை!

இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பதினைந்து என்ற அளவில்கூட இருக்கும். குட்டிக்கு வேண்டியதோ, ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை கால்சியம். இந்தச் சமன் குலையும்போது இரத்தத்தில் கால்சியத்தைக் காப்பாற்ற உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவத் தொடங்குகிறது. வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளரும் குட்டியின் எலும்பு மெலிந்து, சின்னத் துள்ளலுக்கே முறிவது இப்படித்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறதே, கூழ் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். மாவு வெந்து கூழாகும்போது அந்த அளவு தண்ணீரில் பரவிப்போகிறது. அதிலுள்ள பைட்டேட் என்ற பொருளும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை மட்டும் நம்பிக் கணக்கை நிரப்ப முடியாது.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் உண்டு. கழுவி, சூடாக்கி, மாவாக அரைத்த ஓட்டுப் பொடியைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் குட்டியின் எடையையும் நீங்கள் வைக்கும் உணவையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி போன்றவையும் வீட்டுச் சமையலில் விடுபடும். அவற்றுக்கும் அவரிடம் வழி கேளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் மருத்துவரிடம் கேட்கச் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான்.

இதன் மறுபுறமும் உண்டு. சமச்சீரான குட்டி உணவைப் பையிலிருந்து கொடுத்துக்கொண்டே, கூடவே கால்சியம் டானிக்கையும் தினம் ஊற்றுகிறவர்கள் பலர். தெரிந்த வீடு ஒன்றில் மூன்று மாத இராஜபாளையம் குட்டிக்குக் கால் வலுவாக வரட்டும் என்று உணவுக்கு மேல் கால்சியமும் கொடுத்துவந்தார்கள். அதன் முன்னங்கால்கள் மணிக்கட்டில் வளைந்து வெளிப்பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தன. கால் பலவீனம் என்று நினைத்து டானிக்கை இன்னும் கூட்டப் பார்த்தார்கள். நல்லவேளையாக மருத்துவரிடம் போனார்கள். அவர் முதலில் நிறுத்தச் சொன்னது அந்தப் பாட்டிலைத்தான். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், எலும்பு கோணலாக இறுகும். பையில் “குட்டிகளுக்கு” என்று எழுதிய முழு உணவு கொடுக்கிறீர்கள் என்றால் டானிக் வேண்டாம்.

பசும்பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் இரண்டு மடங்கு. பசும்பாலில் சர்க்கரைதான் அதிகம். பால் மறந்த குட்டிக்கு அந்தச் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். கொஞ்சம் தயிர் கொடுக்கலாம், பாலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

குழம்புச் சோறு கூடாது

செட்டிநாட்டுச் சமையலை நேசிக்கிறவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். நம் குழம்பை நாய்க்குட்டிக்கு ஊற்றக் கூடாது. மிளகு, மிளகாய்க் காரம் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஆபத்து சின்ன வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்கும். வெந்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உடம்பின் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே பாதிப்பை உண்டாக்கக் கூடும். மூன்று கிலோக் குட்டிக்கு அது 45 கிராமிலேயே தொடங்கிவிடுகிறது. கோழிக் குழம்பில் அரைத்தும் வதக்கியும் எவ்வளவு சின்ன வெங்காயம் போகிறது என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்.

புளியும் பாதுகாப்பானதில்லை. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022ல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதுகிறார்கள். திராட்சையும் இதே காரணத்தால்தான் கெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சையைக்கூடக் குட்டிக்குப் போடக் கூடாது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். விசேஷ வீட்டில் எஞ்சியதை எல்லாம் நாய்க்கு என்று ஒரு பாத்திரத்தில் சேர்ப்பதைப் பார்க்கிறோம். அதில் இவை அத்தனையும் ஒன்றாக இருக்கும், எண்ணெயும் சேர்ந்து. குட்டிக்கு வேண்டிய கோழித் துண்டை, வெங்காயம் போடுவதற்கு முன்பே, உப்பில்லாமல் தனியாக வேகவைத்து எடுத்துவிடுங்கள். சமையலோடு சமையலாக முடிந்துவிடும் வேலை.

சாப்பிடாத நாட்களும் இடம் மாறும் நாட்களும்

கத்திரி வெயில் நாட்களில் குட்டி மதியச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் படுக்கும். குட்டி நன்றாகத்தான் இருக்கிறது, விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் பயப்படத் தேவையில்லை. அந்த மாதங்களில் பெரிய பங்கை விடியற்காலையும் இரவும் வைத்து, மதியத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். எந்தக் காலமானாலும் தட்டை 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். இந்த வெக்கையில் சோறு சீக்கிரம் புளித்துவிடும். தின்னும் இடம் ஆத்தங்குடிக் கல் பாவிய வழுவழுப்பான தரை என்றால் ஒரு சணல் சாக்கை விரித்து அதன்மேல் தட்டை வையுங்கள். குட்டியின் கால் இரு பக்கமும் வழுக்கி விரிவது வளரும் மூட்டுகளுக்கு நல்லதல்ல.

உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் பழையதில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். திடீரென்று மாற்றினால் மலம் தண்ணீராகப் போகும். மலம் கையால் எடுக்கக்கூடிய அளவுக்குக் கெட்டியாக இருப்பதே சரியான அடையாளம். உணவு மாற்றாமலே இளகிப் போனால், பெரும்பாலும் அளவு கூடியிருக்கும், அல்லது புழு இருக்கும். ஆனால் குட்டி ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை, வாந்தி எடுக்கிறது, மலத்தில் இரத்தம் கலந்து நாற்றமடிக்கிறது என்றால் அது அளவுப் பிரச்சினை இல்லை. தடுப்பூசி முழுமையடையாத குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

கருத்தடை அறுவை செய்தபிறகு பசி கூடும், தேவை குறையும். அப்போது அளவைச் சற்றுக் குறைத்து, விலாவை இன்னும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வளர்ச்சி நின்றதற்கு அடையாளமாக இரண்டு மூன்று மாதம் எடை ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால், குட்டி உணவிலிருந்து வளர்ந்த நாய்க்கான உணவுக்கு, அதே ஒரு வாரக் கணக்கில், மாறிக்கொள்ளலாம்.